வகுப்பு எடுபடவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் தேடும் வழிமுறை

ஸ்டாஃப் ரூமில் வகுப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும்: "பசங்களுக்கு இன்ட்ரஸ்ட் இல்ல சார்." பிள்ளைகள் வாயைத் திறக்காவிட்டாலும் இந்தத் தீர்ப்புதான், சத்தம் போட்டாலும் இதேதான். முதல் ஹவருக்குப் பாதிப் பேர் வராவிட்டாலும், அசைன்மென்ட் எல்லாம் ஒரே அச்சில் வந்தாலும் மாறாது. ஆர்வமில்லை என்ற முடிவுக்குக் கடைசியில்தான் வரவேண்டும். அதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன, பெரும்பாலானவற்றுக்குக் காசும் ஆகாது.

காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரி வகுப்பு ஒன்றை நினைத்துப் பாருங்கள். 1947-இல் அழகப்பா கலைக் கல்லூரி தொடங்கியது, 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகம் வந்தது. இடையில் பள்ளத்தூர், தேவகோட்டை என்று பல ஊர்களிலும் கல்லூரிகள் முளைத்தன. ஆக இங்கே ஒரே பெஞ்சில் டவுனில் ஆங்கில வழியில் சிபிஎஸ்இ படித்த பெண்ணும் இருப்பாள், இளையான்குடிப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்தவளும் இருப்பாள். பின்னால் திருமயத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவன். அவன் பக்கத்தில், முந்தின இரவு கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிவிட்டு நேரே வகுப்புக்கு வந்தவன். இந்த நால்வருக்கும் பாடம் நான்கு இடங்களில் தடைப்படும். வெளியே தெரிகிற அறிகுறி மட்டும் ஒன்றாக இருக்கும்.

கீழே உள்ளவற்றில் உங்கள் வகுப்பின் அறிகுறியைத் தேடிப் பிடித்து, அங்கே சொன்ன வரிசையிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. நான் வணிகவியல் நடத்துகிறவன், அதனால் உதாரணங்கள் அந்தப் பக்கமே சாயும். உங்கள் பாடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: கேள்வி கேட்டால் மொத்த வகுப்பும் மௌனம்

முதலில் உங்களைச் சோதியுங்கள். ஒரு வகுப்பைப் போனில் ஒலிப்பதிவு செய்து, கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் அமெரிக்கப் பள்ளி வகுப்புகளில் இதை அளந்தார். ஆசிரியர்கள் காத்திருந்தது ஏறக்குறைய ஒரே ஒரு நொடி. அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீளமாயின, வாய் திறக்காதவர்களும் பேச ஆரம்பித்தார்கள். நம் வகுப்பில் ஆங்கிலத்தில் கேட்ட கேள்வியை மனதுக்குள் தமிழாக்கிப் புரிந்துகொண்டு, பதிலைத் தமிழில் யோசித்து, திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூன்று நொடி போதாது. பத்து வரை மனதுக்குள் எண்ணுங்கள். அந்த மௌனம் நமக்குத்தான் கஷ்டம், அவர்களுக்கு இல்லை.

காத்திருந்தும் பதில் இல்லையா? கேள்வியைப் பாருங்கள். "டிப்ரிசியேஷன் (தேய்மானம்) பத்தி யாராவது சொல்லுங்க" என்பது கேள்வியே இல்லை. எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று கேட்கப்பட்டவருக்குத் தெரியாது. "ஆறு லட்சத்துக்கு வாங்கின லாரி மூணு வருஷம் கழிச்சு புத்தகத்துல ஏன் ஆறு லட்சமா நிக்கக் கூடாது?" என்று கேட்டால் பிடித்துக்கொள்ள ஒரு நுனி கிடைக்கும்.

அதற்கும் மௌனம்தான் என்றால் சீட்டுச் சோதனை செய்யுங்கள். ஆளுக்கு அரைத்தாள், பெயர் எழுத வேண்டாம், தமிழிலோ ஆங்கிலத்திலோ இரண்டு வரி. அதே கேள்விக்கு எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு போய், ஸ்டாஃப் ரூமில் பிரித்து அடுக்குங்கள். மௌனத்துக்குள் என்ன இருந்தது என்பது இப்போது தெரிந்துவிடும்.

தாளில் பதில் சரியாக இருக்கிறது என்றால் அவர்களுக்குத் தெரியும், எழுந்து சொல்லத்தான் கூச்சம். முதலில் பக்கத்து ஆளிடம் இரண்டு நிமிடம் பேசவிட்டு, அப்புறம் கேளுங்கள். கேட்கும்போது "நீ என்ன நினைக்கிற?" என்று கேட்காமல் "உன் பக்கத்துல இருக்கவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்பது நன்றாக வேலை செய்கிறது. அடுத்தவர் சொன்னதைச் சொல்வதில் யாருக்கும் மானம் போவதில்லை. அப்புறம் ஒன்று: ஆங்கிலத்தில் தடுமாறிய பெண்ணைப் பார்த்து ஒரே ஒருமுறை வகுப்பு சிரித்து, நீங்களும் லேசாகச் சிரித்துவிட்டால், அந்த செமஸ்டர் முழுக்க அந்தப் பெஞ்சிலிருந்து பதில் வராது.

தமிழில் எழுதியவை சரியாகவும் ஆங்கிலத்தில் எழுதியவை அரைகுறையாகவும் இருந்தால் சிக்கல் மொழியில். கீழே "தமிழில் சொன்னால் புரிகிறது" என்ற பகுதிக்குப் போங்கள். இரண்டு மொழியிலும் காலி என்றால் பாடமே போய்ச் சேரவில்லை. அடுத்த பகுதியைப் பாருங்கள்.

அறிகுறி: "புரிஞ்சுதா?" என்றால் தலையாட்டல், டெஸ்ட்டில் வெள்ளைத்தாள்

"புரிஞ்சுதா?" என்ற கேள்விக்கு மரியாதை தெரிந்த பிள்ளை சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான். பெரியவர் முன்னால் நின்று "இல்லை, புரியவில்லை" என்று சொல்வது நம் வளர்ப்பில் கிடையாது. அதனால் இந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள். தவறான புரிதல் தானாக வெளியே வந்து நிற்கும்படி ஒரு கேள்வியை அந்த இடத்தில் வையுங்கள்.

அடக்கவிலைக் கணக்கியலில் ஒன்று. ஆத்தங்குடி டைல்ஸ் எல்லோருக்கும் தெரியும். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து எடுப்பது. சூளை கிடையாது, எல்லாம் கை வேலை, கொஞ்சம் உடையத்தான் செய்யும். இப்போது போர்டில் எழுதுங்கள்: "1,000 கல் போட ஆன மொத்தச் செலவு 38,000 ரூபாய். 5% உடைவது வழக்கம், உடைந்தது விலை போகாது. இந்த முறை தேறியது 930. ஒரு நல்ல கல்லின் அடக்கவிலை என்ன? (அ) 38 ரூபாய் (ஆ) 40 ரூபாய் (இ) 40 ரூபாய் 86 காசு."

இந்த மூன்று விடைகளில் எதுவும் சும்மா போட்டதில்லை. 38 என்பவருக்கு உடைவு என்ற எண்ணமே மனதில் ஏறவில்லை, போட்ட ஆயிரத்தால் வகுத்துவிட்டார். 40.86 என்பவர் தேறிய 930-ஆல் வகுத்திருக்கிறார். உடைந்த எல்லாவற்றின் சுமையையும் நல்ல கல்லின் தலையில் ஏற்றிவிட்டார், நார்மல் லாஸுக்கும் (வழக்கமான இழப்பு) அப்நார்மல் லாஸுக்கும் (வழக்கத்துக்கு மேலான இழப்பு) வித்தியாசம் பிடிபடவில்லை. சரியான விடை 40. வழக்கமாக உடையும் 50 போக மீதி 950-ஆல் வகுக்க வேண்டும். கூடுதலாக உடைந்த 20 கல்லின் 800 ரூபாய் லாப நட்டக் கணக்குக்குப் போகும். ஒரு கேள்வியில் வகுப்பின் மூன்று விதமான மண்டைகளும் தெரிந்துவிடும்.

விடையை வாயால் கேட்காதீர்கள். அ-வுக்கு ஒரு விரல், ஆ-வுக்கு இரண்டு, இ-க்கு மூன்று. கையைத் தூக்காமல் நெஞ்சோடு ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். பின்னால் இருப்பவர் பார்த்துக் காப்பியடிக்க முடியாது, தப்பாகச் சொன்னது அடுத்தவருக்கும் தெரியாது.

எத்தனை பேர் சரி என்று குத்துமதிப்பாக எண்ணுங்கள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்தில் வளர்த்தெடுத்த முறை இது. அவர் கணக்குப்படி சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டும். 70-க்கு மேல் இருந்தால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகர்ந்துவிடலாம். இடையில் இருந்தால் நீங்கள் வாயைத் திறக்கவே கூடாது. வேறு விடை காட்டிய ஆளைப் பிடித்து வாதாடச் சொல்லிவிட்டு, இரண்டு நிமிடம் கழித்து மறுபடி விரல் காட்டச் சொல்லுங்கள். நேற்றுப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு, எங்கே தடுக்கும் என்பது நம்மைவிட நன்றாக ஞாபகம் இருக்கும். நமக்கு அது மறந்து பல வருஷம் ஆகிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. வகுப்பில் ஆத்தங்குடிப் பிள்ளை இருந்தால் "உங்க அப்பா அங்கதானே வேலை பாக்குறார், நீ சொல்லு" என்று பிடித்து இழுக்காதீர்கள். "நிஜமா அங்க எவ்வளவு உடையும், யாருக்காவது தெரியுமா?" என்று பொதுவாகக் கேளுங்கள். சொல்ல விரும்பினால் சொல்வான். சொன்னால் அன்றைக்கு அவன்தான் வகுப்பில் விஷயம் தெரிந்தவன்.

அறிகுறி: தமிழில் சொன்னால் புரிகிறது, பரீட்சையில் எழுத வரவில்லை

செட்டிநாட்டுப் பக்கம் பெரும்பாலான வகுப்புகளின் மையச் சிக்கல் இதுதான் என்பது என் அபிப்பிராயம். பாடப்புத்தகம் ஆங்கிலம், விளக்கம் தமிழ், கேள்வித்தாள் ஆங்கிலம். நடுவில் இருக்கிற பள்ளத்தை மாணவரே தனியாகத் தாண்டிக்கொள்ள வேண்டும். தமிழில் நடத்துகிறோமே என்று நமக்கு ஒரு திருப்தி. ஆனால் கேட்டது ஒரு மொழி, எழுத வேண்டியது வேறு மொழி என்றால் அந்தத் திருப்தி பரீட்சை ஹாலில் உதவாது.

முதலில் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆங்கில வழிப் படிப்பாக இருந்தாலும் மாணவர்கள் உள்ளூர் மொழியில் தேர்வெழுத அனுமதியுங்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் படிப்புக்கு என்ன நிலை என்பதைத் தேர்வுப் பிரிவில் கேட்டு, செமஸ்டரின் முதல் வாரத்திலேயே வகுப்பில் சொல்லிவிடுங்கள். தமிழில் எழுத வழி இருப்பது தெரியாமலேயே மூன்று வருஷம் ஓட்டியவர்கள் உண்டு.

ஆங்கிலத்தில்தான் எழுதியாக வேண்டும் என்றால், போர்டின் இடது ஓரத்தில் ஒரு கோடு போட்டு அன்றைய கலைச்சொற்களை மட்டும் இரண்டு மொழியிலும் எழுதி, வகுப்பு முடியும்வரை அழிக்காமல் வையுங்கள். ஒரு நாளைக்கு ஆறேழு சொல் போதும். அப்புறம் முழுப் பதிலையும் டிக்டேட் செய்யும் பழக்கத்தை நிறுத்தி, அதற்குப் பதிலாகப் பாதி கட்டிய வாக்கியங்களைக் கொடுங்கள். தொடக்கம் உங்களுடையது, காரணமும் எண்ணும் அவர்களுடையது. டிக்டேட் செய்த நோட்ஸை மனப்பாடம் செய்தவர், கேள்வியில் ஒரு சொல் மாறினாலும் கவிழ்ந்துவிடுகிறார். பாதி வாக்கியத்தை நிரப்பிப் பழகியவர் தடுமாறினாலும் கவிழ்வதில்லை.

கலந்துரையாடல் எந்த மொழியில் என்று கேட்கிறீர்களா? தமிழில்தான். யோசிப்பது வருகிற மொழியில் நடக்கட்டும், முடிவை மட்டும் கடைசியில் இரண்டு வரி ஆங்கிலத்தில் எழுதட்டும். "இங்கிலீஷ்லயே பேசுங்க" என்று கட்டாயப்படுத்திய குழுவில் ஆங்கில வழிப் பிள்ளை ஒருத்தி பேசுவாள், மற்ற நால்வரும் அவள் பேசுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெளிமாநில மாணவர் ஒருவர் வகுப்பில் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். அவர் இருக்கும் குழுவில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைச் சேர்த்துவிடுங்கள், போர்டில் எழுதுவதை இரண்டிலும் எழுதுங்கள்.

அறிகுறி: முதல் ஹவரில் பாதி பெஞ்ச் காலி

எந்த ஊர்க்காரர்கள் வரவில்லை என்று அட்டெண்டன்ஸை ஊர்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஒரே தடத்தில் கொத்தாக இருந்தால் பஸ்தான் காரணம். 2021-இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல விஷயம். ஆனால் காசு கொடுத்து ஏற வேண்டிய பஸ் முன்னாலேயே போனாலும், வீட்டு நிலைமை தெரிந்த பெண் இலவசப் பஸ்ஸுக்காக நிற்கத்தான் செய்வாள். அவளை வாசலில் நிறுத்தி விசாரிப்பதால் பஸ் சீக்கிரம் வராது.

உங்களால் மாற்ற முடிந்தது முதல் பத்து நிமிடம். புதுப் பாடத்தை அதில் தொடங்காதீர்கள். போன வகுப்பிலிருந்து இரண்டு, போன மாதத்திலிருந்து ஒன்று என மூன்று கேள்வியைப் போர்டில் எழுதிவிடுங்கள். புத்தகம் பார்க்காமல் எழுத வேண்டும், மார்க் கிடையாது. தாமதமாக வந்தவர்கள் சத்தமில்லாமல் உட்கார்ந்து அதில் சேர்ந்துகொள்ளலாம். இது நேரத்தை ஓட்டுகிற வேலை இல்லை. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள்.

எல்லா ஊர்க்காரர்களும் கலந்து வரவில்லை என்றால் பஸ்ஸைக் குறை சொல்ல முடியாது. வகுப்பைத்தான் பார்க்க வேண்டும்.

அறிகுறி: எப்போதும் அதே மூன்று பேர் மட்டும் பதில்

அந்த மூவரையும் அடக்க வேண்டாம், பாவம். "இப்ப வேற பெஞ்ச்" என்று சொன்னாலே பாதி சரியாகிவிடும். மீதிப் பாதிக்கு இடத்தை மாற்றி நில்லுங்கள். மேடையிலிருந்து இறங்கி, பின் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்று கேள்வி கேளுங்கள். அங்கிருந்து பதில் வரும்.

அறிகுறி: தூக்கம், அதுவும் குறிப்பிட்ட நாட்களில்

காலண்டரில் முகூர்த்த நாளைப் பாருங்கள். இந்தப் பக்கம் கல்யாணச் சாப்பாடு என்றால் பெரிய வேலை. பரிமாறப் போகும் பையன்களுக்கு ராத்திரி தூக்கம் இருக்காது. அந்தச் சம்பளத்தில்தான் சிலருக்கு பஸ் பாஸும் செமஸ்டர் ஃபீஸும் ஓடுகின்றன. அடுத்த நாள் காலையில் இன்டர்னல் டெஸ்ட் வைக்காமல் இருப்பது உங்கள் கையில் இருக்கிறது. தட்டி எழுப்பி நிற்கவைப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. தினமும் தூங்குகிறான் என்றால் விஷயம் வேறு, தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

அறிகுறி: குரூப் ஒர்க்கில் ஒருத்தி செய்கிறாள், நான்கு பேர் பெயர் போடுகிறார்கள்

ஆட்கள்மேல் கோபப்படுவதற்கு முன்னால் வேலையைப் பாருங்கள். ஒருவரே உட்கார்ந்து முடிக்கக்கூடிய வேலையை ஐவருக்குக் கொடுத்தால் ஒருவர்தான் செய்வார். அது சோம்பல்கூட இல்லை, சிக்கனம்.

அந்தக் காலத்தில் நம் ஊர் நகரத்தார் வெளிநாடுகளில் நடத்திய வட்டிக்கடைகள் ஆளைப் பழக்கிய விதம் இதற்கு நல்ல மாதிரி. பர்மாவிலோ மலேயாவிலோ கடைக்குப் போகிற பையன் பெட்டியடிப் பையனாக (கடை எடுபிடி) சேருவான், அடுத்தாள் (உதவியாளர்) ஆவான், பல வருஷம் கழித்து மேலாள் (கடையை நடத்துபவர்) ஆவான். ஒவ்வொரு படியிலும் அவன் பொறுப்பு என்று தனியாக ஒன்று இருக்கும், அது சரியாக நடக்காவிட்டால் அடுத்த ஆளின் வேலை நிற்கும். குழு வேலையை அப்படிப் பிரியுங்கள். ஒருவர் பில்களைத் திரட்டட்டும், ஒருவர் குறிப்பேட்டில் பதியட்டும், ஒருவர் பேரேட்டுக்கு எடுத்துச் செல்லட்டும், ஒருவர் இருப்பாய்வு (பற்று, வரவு இரண்டின் மொத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் பட்டியல்) போடட்டும். இருப்பாய்வு ஒத்துவராவிட்டால் நால்வரும் உட்கார்ந்து தேடியாக வேண்டும். அடுத்த முறை பொறுப்பைச் சுழற்றுங்கள். இல்லாவிட்டால் கையெழுத்து அழகாக இருக்கிற பெண் மூன்று வருஷமும் சார்ட் பேப்பர் மட்டுமே எழுதிக்கொண்டிருப்பாள்.

மார்க்கில் பாதி குழுவுக்கு, பாதி தனி ஆளுக்கு. முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் அவர் செய்யாத பகுதியிலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கேளுங்கள், பொறி வைத்துப் பிடிக்க வேண்டியதில்லை.

அறிகுறி: அசைன்மென்ட் அறுபதும் ஒரே அச்சு

முன்பு சீனியர் நோட்டின் ஜெராக்ஸ், இப்போது சாட்ஜிபிடி. காப்பியைப் பிடிக்கும் மென்பொருளைத் தேடி ஓடாதீர்கள். "சரக்கிருப்பு மதிப்பீட்டு முறைகளை விவரி" என்ற கேள்விக்கு உலகம் முழுக்க ஒரே பதில்தான், அதை யார் எழுதினால் என்ன?

கேள்வியை ஊருக்குள் கொண்டுவாருங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. இடித்த வீடுகளின் தூண், கதவு, பீங்கான், எனாமல் பாத்திரம். சரக்கை அடக்கவிலை அல்லது நிகர விற்பனை மதிப்பு (விற்கும் செலவு போகக் கையில் நிற்கும் தொகை), எது குறைவோ அதில் மதிப்பிட வேண்டும் என்பது விதி. நாலு கதவும் பத்துத் தூணும் சேர்த்து மொத்தமாக ஒரு விலைக்கு வாங்கிய கடைக்காரர், அதில் ஒரு கதவின் அடக்கவிலை என்று எதைச் சொல்வார்? போய் ஒரு பொருளைப் பாருங்கள், கடைக்காரர் எப்படி விலை வைக்கிறார் என்று கேளுங்கள், விதியோடு ஒத்துவருகிறதா என்று ஒன்றரைப் பக்கம் எழுதுங்கள். சாட்ஜிபிடியைக் கேட்டு எழுதினால்கூட, அந்தக் கடைக்குப் போனால்தான் எழுத முடியும்.

போக முடியாதவர்களும் இருப்பார்கள் என்பதை மறக்க வேண்டாம். நாலரை மணி பஸ்ஸை விட்டால் வீட்டுக்குப் போக வழியில்லாத பெண்ணுக்கு, அவள் ஊர்ப் பெட்டிக்கடையே போதும். கேள்வி மாறாது, கடைதான் மாறும்.

அறிகுறி: நல்ல பிள்ளைதான், ஆனால் எப்போதும் பக்கத்து நோட்டைப் பார்த்தே எழுதுகிறான்

முதலில் கண், பிறகு காது, அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். கண்ணாடி தேவைப்படுவது தெரியாமலேயே கல்லூரிவரை வந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முன் வரிசைக்கு மாற்றி ஒரு வாரம் பாருங்கள். நீங்களும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து உங்கள் பிபிடியைப் படித்துப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் மஞ்சள் எழுத்து தெரியாது. பச்சை போர்டில் சிவப்புச் சாக்பீஸ், நிறம் பிரித்துப் பார்க்க முடியாத கண்ணுக்கு இல்லாத மாதிரிதான். ஸ்லைடைப் போட்டோ எடுத்துக்கொள்ளவும் விடுங்கள். ஆனால் எடுத்ததும் போனை வைத்துவிட்டு, அதில் இருந்ததை இரண்டு வரியில் சொந்தமாக எழுதச் சொல்லுங்கள்.

காதுக்கு: ஃபேன் முழு வேகத்தில் சுற்றும் ஹாலில் போர்டைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள். காது மந்தமானவர் உங்கள் உதட்டையும் சேர்த்துத்தான் கேட்கிறார். எழுதும்போது எழுதுங்கள், திரும்பியதும் பேசுங்கள். ஒரு மாணவர் கேட்ட கேள்வியைப் பதில் சொல்லும் முன் உரக்கத் திருப்பிச் சொல்லுங்கள். இது காது நன்றாகக் கேட்பவர்களுக்கும் உதவும், ஏனென்றால் முன்பெஞ்சில் கேட்ட கேள்வி பின்பெஞ்சுக்குப் போவதே இல்லை.

சான்றிதழ் உள்ள மாற்றுத்திறனாளி மாணவர் என்றால் இது உங்கள் தயவைப் பொறுத்த விஷயம் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. தேர்வில் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். செமஸ்டர் தேர்வில் இதைக் கொடுத்துவிட்டு வகுப்பு டெஸ்ட்டில் மறந்துவிடுகிறோம்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முகாம்களில் இன்னும் ஒரு படிவம் கொடுக்கிறார்கள்: இவர் பார்த்துக் கற்பவர், இவர் கேட்டுக் கற்பவர், இவர் செய்து கற்பவர் என்று மாணவர்களைப் பிரிப்பதற்கு. அதைத் தூக்கிப் போடலாம். அப்படிப் பிரித்து, வகைக்கேற்ப நடத்தினால் நன்றாகக் கற்கிறார்கள் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று 2008-இல் பாஷ்லரும் மற்ற உளவியலாளர்களும் ஆய்வுகளை அலசிச் சொல்லிவிட்டார்கள். வரைபடம் புரிய வேண்டிய பாடத்துக்கு எல்லோருக்கும் வரைபடம் வேண்டும். மாணவர்கள் வேறுபடுவது மொழியில், முன்பு படித்ததில், கண்ணில், காதில், பஸ்ஸில், தைரியத்தில். கண்ணால் கற்கும் சாதி, காதால் கற்கும் சாதி என்று தனியாக ஒன்றும் கிடையாது.

அறிகுறி: "சார் நடத்தவே மாட்டேங்கிறார், எங்களையே செய்யச் சொல்றார்"

மேலே சொன்னவற்றைச் செய்யத் தொடங்கி மூன்றாவது வாரம் இந்த முணுமுணுப்பு வரும். ஹெச்ஓடி காதுக்கும் போகும். பயப்பட வேண்டாம். 2019-இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் டெலோரியேவும் சக ஆய்வாளர்களும் ஒன்றைப் பார்த்தார்கள்: தாங்களே முயன்று கற்ற மாணவர்கள் டெஸ்ட்டில் அதிகம் வாங்கினார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். வழுவழுவென்று ஓடும் சொற்பொழிவைக் கேட்டவர்கள் நிறையக் கற்றதாக நினைத்தார்கள், வாங்கியது குறைவு. கம்பன் விழாவுக்குப் பேர்போன ஊர் இது. நல்ல பேச்சைக் கேட்டால் சொக்கிப்போகும் பழக்கம் நமக்கு இன்னும் கொஞ்சம் கூடவே உண்டு. கேட்டு ரசித்ததெல்லாம் கணக்காகக் கைக்கு வந்துவிடாது.

தீர்வு எளிது. ஏன் இப்படி நடத்துகிறீர்கள் என்பதை முதல் வாரத்திலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் டெஸ்ட்டுக்குப் பிறகு, டைல்ஸ் கணக்கில் விரல் காட்டித் தப்பு செய்தவர்கள் அதே மாதிரிக் கணக்கை இப்போது எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று அவர்கள் தாளையே காட்டுங்கள். முணுமுணுப்பு முழுக்கப் போகாது, குறையும்.

குறையவில்லை என்றால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கலாம். விளக்கவே விளக்காமல் நேரே "குழுவா உக்காந்து பேசுங்க" என்று விட்டுவிடுகிறீர்களா? அடிப்படையே தெரியாதவர்கள் எதைப் பேசுவார்கள்? பதினைந்து நிமிடம் தெளிவாக நடத்திய பிறகுதான் ஐந்து நிமிடக் கேள்வி.

அறிகுறி: போர்ஷன் முடியவில்லை

இது உண்மையான சிக்கல். மேலே சொன்ன ஒவ்வொன்றும் நேரம் தின்னும். செமஸ்டருக்கு ஐந்து யூனிட், நடுவில் தேர்வு, பொங்கல், விளையாட்டு விழா. எல்லா யூனிட்டையும் இப்படி நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம். பழைய கேள்வித்தாள்களை எடுத்து, வருஷா வருஷம் மாணவர்கள் கவிழும் இடங்களைக் குறியுங்கள். யூனிட்டுக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும். அங்கே மட்டும் விரல் கேள்வியும் வாதாடலும் போதும். வரையறை, வகைகள், நன்மை தீமை எல்லாவற்றையும் நோட்ஸாகக் கொடுத்துவிட்டு, முதல் பத்து நிமிடக் கேள்விகளில் சோதித்துக்கொள்ளலாம்.

"அந்த நேரத்துல நான் இன்னொரு சாப்டர் முடிச்சிருப்பேன்" என்று சக ஆசிரியர் சொல்வார். ஃப்ரீமன் என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் 2014-இல் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். சொற்பொழிவு வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதம் பேர் தோற்றார்கள், மாணவர்களைச் செயலில் இறக்கிய வகுப்புகளில் 21.8. வணிகவியலுக்கும் தமிழுக்கும் இந்த எண்ணை அப்படியே ஒட்டக் கூடாது என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முடித்த சாப்டரில் எத்தனை பேர் அரியர் வைக்கிறார்கள் என்று அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அறிகுறி: எந்த அறிகுறியும் பொருந்தவில்லை, வகுப்பு மட்டும் சரியில்லை

ஐந்தாவது வாரத்தில் மறுபடி அரைத்தாள், பெயர் வேண்டாம், எந்த மொழியும் சரி. இரண்டே கேள்வி: இந்த வகுப்பில் எது உதவுகிறது? எது தடுக்கிறது? செமஸ்டர் முடிவில் வாங்கும் ஃபீட்பேக் படிவம் அடுத்த பேட்ச்சுக்குத்தான் பயன்படும். இது இப்போது உட்கார்ந்திருக்கும் பேட்ச்சுக்கு.

அடுத்த வகுப்பில் அந்தத் தாள்களோடு போய், எதை மாற்றப் போகிறீர்கள், எதை மாற்ற முடியாது, ஏன் முடியாது என்று மூன்றையும் சொல்லுங்கள். "இன்டர்னல் 25 மார்க்கைக் கூட்ட என்னால முடியாது, அது விதி. வேகமா எழுதுறேன்னு பதினோரு பேர் சொல்லியிருக்கீங்க, அதைக் குறைச்சுக்கறேன்" என்கிற மாதிரி. இதைச் சொல்லாமல் தாளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால், அடுத்த முறை எல்லாத் தாளிலும் "நல்லா இருக்கு சார்" என்றுதான் இருக்கும்.